அந்த முதல் 24 மணி நேரம்!

1994-ஆம் ஆண்டு நான் பணியாற்றிய கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் பொறுப்பும் என்னிடம் இருந்தது. ஆண்டுதோறும் ரத்த தான முகாம் நடத்துவோம். அந்த ஆண்டு முகாம் முடிந்து பத்து நாள்கள் கழித்து, ரத்த வங்கியிலிருந்து என் பெயருக்கு ஒட்டிய உறை ஒன்று வந்தது. இளநிலைப் பொருளாதாரம் இரண்டாமாண்டு படித்துவந்த மாணவர் ஒருவரின் ரத்தத்தில் ஹெபடைடிஸ்-பி தீநுண்மி காணப்படுவதாகவும், அவர் இனி ரத்த தானம் செய்யக் கூடாது என்றும் நான்கே வரிகளில் அதில் எழுதப்பட்டிருந்தது.

அந்த மாணவர் கல்லூரிக் கபடிக் குழுவில் ஆடியவர். ஒரு நாள்கூடக் காய்ச்சல் என்று படுத்ததில்லை. நானே அவரை ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். "நோய் எதுவும் இல்லை; கிருமியைச் சுமப்பவர், அவ்வளவுதான். கவலைப்பட ஒன்றுமில்லை" என்று அவர் கூறினார். ஆனால், செய்தி எப்படியோ விடுதிக்குக் கசிந்துவிட்டது. உடன் தங்கியிருந்த மாணவர்கள் அஞ்சினர். துணைக் காப்பாளர் என்ற முறையில் என்னிடம் வந்து முறையிட்டனர். அவருக்குத் தனித் தட்டு, தனிக் குவளை என்று ஏற்பாடு செய்ய நான் ஒப்புதல் அளித்தேன். அப்போது அது பொறுப்பான செயலாகவே எனக்குத் தோன்றியது. இரண்டே வாரங்களில் அவர் விடுதியைக் காலி செய்துவிட்டார். அதன் பிறகு படிப்பு முடியும்வரை தினமும் 40 கி.மீ. பேருந்தில் வந்து சென்றார்.

அவர் பட்டம் பெற்றார், வேலையில் சேர்ந்தார், மணம் செய்துகொண்டார். 2017-இல், தனது 42-ஆவது வயதில், கல்லீரல் புற்றுநோயால் இறந்தார்.

துக்கம் விசாரிக்கச் சென்றபோதுதான் சில விஷயங்கள் தெரியவந்தன. அவருடைய தாயார் சில ஆண்டுகளுக்கு முன்பே வயிற்றில் நீர் கோத்து இறந்திருக்கிறார். அண்ணனுக்கு நோய் முற்றிய பிறகு பரிசோதனை செய்துகொண்ட தங்கைக்கும் அதே தொற்று. 1994-இல் அந்தக் கடிதம் வந்த நாளில், 'உன் தாயாருக்கும் உடன்பிறந்தோருக்கும் பரிசோதனை செய். ஆறு மாதத்துக்கு ஒரு முறை உன் கல்லீரலைச் சோதித்துக்கொள்' என்று அவரிடம் யாரும் கூறவில்லை. அன்றைக்கு நல்ல மருந்து இல்லை என்பது உண்மை. ஆனால், 2010-இல் இருந்தது. அவர்தான் மருத்துவரிடம் திரும்பச் செல்லவே இல்லை. 'கவலைப்பட ஒன்றுமில்லை' என்ற சொல்லை 23 ஆண்டுகள் அவர் நம்பியிருந்தார்.

மருத்துவம் என் துறையன்று. அந்த மரணத்துக்குப் பிறகு இந்த நோய் குறித்துப் படிக்கத் தொடங்கினேன். மருத்துவ நண்பர்களைக் கேட்டுத் தொந்தரவு செய்தேன். படிக்கப் படிக்க, இது நான் முப்பதாண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் பேசிய துறைக்கும் உரிய பிரச்னை என்பது புலப்பட்டது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் மக்களுக்கு 'மஞ்சள் காமாலை' என்பது ஒரே நோய். உண்மையில் அது நோயல்ல. கல்லீரல் பாதிக்கப்பட்டிருப்பதன் அடையாளம். அசுத்தமான குடிநீராலும் உணவாலும் பரவுபவை ஹெபடைடிஸ்-ஏ, ஹெபடைடிஸ்-இ ஆகியவை. பெரும்பாலும் சில வாரங்களில் இவை தாமாகவே குணமாகிவிடும் (கர்ப்பிணிகளுக்கு 'இ' வகை ஆபத்தானது என்பது தனிச் செய்தி). 'பி', 'சி' வகைகள் ரத்தத்தின் வழியாகப் பரவுபவை. ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கக்கூடியவை. 'பி' வகைத் தீநுண்மி பாலுறவின் மூலமும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுகிறது. உடலுக்கு வெளியே, உலர்ந்த ரத்தத் துளியில்கூட அது ஏழு நாள்கள் வரை உயிர்ப்புடன் இருக்கும். ஒரே தட்டில் உண்பதாலோ, கைகுலுக்குவதாலோ, இருமுவதாலோ அது பரவுவதில்லை. நான் ஏற்பாடு செய்த தனித் தட்டால் யாருக்கும் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. அந்த விடுதி மாணவர்கள் தங்களுக்குள் சவரக் கத்தியை மாற்றிக்கொண்டதை மட்டும் நான் தடுத்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

உலக சுகாதார அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகில் சுமார் 25.4 கோடி பேர் நாள்பட்ட ஹெபடைடிஸ்-பி தொற்றுடன் வாழ்ந்துவந்தனர். இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 3 கோடி பேர். அந்த ஓராண்டில் இந்தத் தொற்றால் உலகம் முழுவதும் சுமார் 11 லட்சம் பேர் உயிரிழந்தனர். இவற்றைவிட என்னை உறுத்திய புள்ளிவிவரம் வேறொன்று. தொற்று உள்ளவர்களில் 100-க்கு 13 பேருக்கு மட்டுமே தங்களுக்குத் தொற்று இருப்பது தெரியும். சிகிச்சை பெறுபவர்கள் 3 பேர் மட்டுமே. என் மாணவர் அந்த 13 பேரில் ஒருவராக இருந்தும் 3 பேரில் ஒருவராக இல்லாமல் போனார்.

இந்த நோயின் முக்கியமான இயல்பு, தொற்று எந்த வயதில் ஏற்படுகிறது என்பதைப் பொருத்து அதன் போக்கு முற்றிலும் மாறிவிடுவதுதான். வளர்ந்த ஒருவருக்குத் தொற்று ஏற்பட்டால், உடலின் எதிர்ப்பாற்றல் தீநுண்மியை அடையாளம் கண்டு போரிடுகிறது. காய்ச்சல், காமாலை என்று சில வாரங்கள் அவதிப்பட்டாலும், 100 பேரில் 95 பேருக்கு மேல் தீநுண்மியை வென்றுவிடுகின்றனர். பிறந்த குழந்தையின் உடலோ அதைப் பகையாகவே கருதுவதில்லை. போரே நடப்பதில்லை; அதனால் எந்த அறிகுறியும் இல்லை. பிறக்கும்போது தொற்றுக்கு உள்ளாகும் 10 குழந்தைகளில் 9 குழந்தைகளின் உடலில் அது நிரந்தரமாகக் குடியேறிவிடுகிறது. முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஈரல் சுருக்கமோ, புற்றுநோயோ வருகிறது. கபடி ஆடிய அந்த இளைஞர் தன் 42-ஆவது வயதில் இறந்ததற்கான காரணம், அவர் பிறந்த நாளன்று நிகழ்ந்தது.

அதனால்தான் தடுப்பூசியின் முதல் தவணை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும் என்று மருத்துவ உலகம் வலியுறுத்துகிறது. பொதுவாகத் தடுப்பூசி என்பது வரப்போகும் தொற்றுக்கு முன்னெச்சரிக்கை. இங்கு அது, பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தையின் உடலுக்குள் ஏற்கெனவே நுழைந்திருக்கக்கூடிய தீநுண்மியை, அது கல்லீரலில் நிலைகொள்வதற்கு முன்பே முறியடிக்கும் ஓட்டப்பந்தயம். நாள்கள் கடக்கக் கடக்க அதன் பயன் குறைந்துகொண்டே போகிறது. தாய்க்குத் தொற்று இருப்பது முன்கூட்டியே தெரிந்தால், தடுப்பூசியுடன் தயார்நிலை எதிர்ப்புப் புரதத்தையும் குழந்தைக்குச் செலுத்துவார்கள். தாயின் ரத்தத்தில் தீநுண்மியின் அளவு மிகுதியாக இருந்தால் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் அவருக்கு டெனோஃபோவிர் மாத்திரை அளிப்பார்கள். இவற்றைச் செய்துவிட்டால் தாய் தாராளமாகப் பாலூட்டலாம்.

இந்தத் தீநுண்மி கண்டறியப்பட்ட வரலாறு சுவையானது. அதில் சென்னைக்கும் ஓரிடம் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் பரூச் பிளம்பெர்க் 1960-களில் தேடியது காமாலைக் கிருமியை அல்ல. வெவ்வேறு இன மக்களின் ரத்தப் புரதங்களில் உள்ள வேறுபாடுகளை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் ரத்தத்தில் புதிய புரதம் ஒன்று தென்பட்டது. அது ஹெபடைடிஸ்-பி தீநுண்மியின் மேலுறை என்பது பின்னரே தெரியவந்தது. அதற்காக 1976-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய பிறந்த நாளான ஜூலை 28-தான் உலக ஹெபடைடிஸ் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

நம் பாட்டிமார்கள் காமாலைக்கு அரைத்துக் கொடுத்த கீழாநெல்லியும் பிளம்பெர்க்கின் கவனத்தை ஈர்த்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் உள்ளிட்டோருடன் இணைந்து அவர் இதில் ஆய்வு மேற்கொண்டார். 1988-இல் 'லான்செட்' இதழில் வெளியான அந்த ஆய்வில், கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து தீநுண்மியின் அடையாளப் புரதம் மறைந்திருந்தது. உலகமே வியந்தது. ஆனால், தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் பின்னர் நடந்த சோதனைகளில் அந்தப் பயன் கிடைக்கவில்லை. கீழாநெல்லியைப் பழிப்பதற்காக இதைக் குறிப்பிடவில்லை. அதை முறையான சோதனைக்கு உட்படுத்தியவர்கள் நம்மவர்களே என்பதில் எனக்குப் பெருமைதான். ஹெபடைடிஸ்-ஏ தானாகவே குணமாகும்போது, அப்போது உண்ட மூலிகைக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. அந்த நம்பிக்கையில் ஹெபடைடிஸ்-பி உள்ளவர் மருத்துவரிடம் செல்லாமல் இருந்துவிடுவதுதான் ஆபத்து.

தடுப்பூசியின் வரலாறு ஒரு பொருளாதாரப் பாடம். முதல் தடுப்பூசி அமெரிக்காவில் 1981-இல் உரிமம் பெற்றது. ஈஸ்ட் மூலம் தயாரிக்கப்பட்ட மேம்பட்ட வகை 1986-இல் வந்தது. ஆனால், இந்தியாவில் இறக்குமதித் தடுப்பூசியின் ஒரு தவணைக்குப் பல நூறு ரூபாய் செலவழிக்க வேண்டியிருந்தது. மூன்று தவணைகள் என்றால் ஒரு குடும்பத்தின் மாத வருமானமே கரைந்துவிடும். மின்னணுப் பொறியாளரான வரபிரசாத் ரெட்டி ஹைதராபாதில் தொடங்கிய சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம், 1997-இல் உள்நாட்டிலேயே தயாரித்துச் சுமார் 50 ரூபாய்க்கு அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. போட்டி வந்ததும் மற்றவர்களின் விலையும் சரிந்தது. சந்தை குறித்து என் மாணவர்களுக்குப் பாடம் நடத்தும்போது நான் விரும்பிக் கூறும் எடுத்துக்காட்டு இது.

இருப்பினும், விலை குறைந்த பிறகும் அரசு சோதனை முயற்சியாகத் தொடங்கியது 2002-இல்தான். தமிழ்நாடு உள்ளிட்ட 10 மாநிலங்களுக்கு 2007-08-இல் திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. நாடு முழுமைக்கும் வந்தது 2011-இல். அதாவது, இன்றைக்கு இருபது வயதைக் கடந்த இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர், பெற்றோர் சொந்தச் செலவில் போட்டிருந்தால் ஒழிய, குழந்தைப் பருவத்தில் இந்தத் தடுப்பூசியைப் பெறாதவர்கள்.

தாமதத்துக்கான காரணத்தைக் கணக்காகவே காட்டலாம். நாற்பது ஆண்டுகள் கழித்துக் கிடைக்கப்போகும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு, ஆண்டுக்கு 8% வட்டி என்று வைத்துக்கொண்டால், 5 ரூபாய்கூட இல்லை. இன்று போடப்படும் ஊசியின் பலன் நாற்பது ஆண்டுகள் கழித்து, யாரோ ஒருவருக்கு, வராமல் போன ஒரு புற்றுநோயாகக் கிடைக்கிறது. வராத நோய்க்கு யாரும் நன்றி கூறுவதில்லை. எந்த அமைச்சரும் அதற்கு ரிப்பன் வெட்ட முடியாது.

இதே கணக்கு பிரசவ அறையிலும் வேறு வடிவத்தில் குறுக்கிடுகிறது. நம் நாட்டின் அரசு மருத்துவமனைகளில் இந்தத் தடுப்பூசி பெரும்பாலும் 10 தவணைகள் கொண்ட குப்பியில் வருகிறது. இரவில் ஒரே ஒரு குழந்தை பிறக்கிறது. அதற்காக ஒரு குப்பியைத் திறந்தால் மீதி ஒன்பது தவணைகள் வீணாகிவிடுமே என்று செவிலியர் தயங்குகிறார். காலையில் இன்னும் சில குழந்தைகள் சேரட்டும் என்று காத்திருக்கிறார். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பிறந்தவுடன் போடும் தவணை தவறிப்போவதற்கு இந்தியாவில் நடந்த ஆய்வுகள் சுட்டிக்காட்டிய காரணங்களில் இந்தத் தயக்கமும் ஒன்று. செவிலியரைக் குறைகூற நான் தயாராக இல்லை. இருப்புப் பதிவேட்டில் வீணான தவணைகளுக்குக் கணக்கு கேட்கிறார்கள். 24 மணி நேரத்தைத் தவறவிட்ட குழந்தைக்கு அதே கண்டிப்புடன் கணக்கு கேட்பவர் யார்?

இத்தனைக்கும் அந்தத் தயக்கமே தேவையற்றது. காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசிக் குப்பியைத் திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும். ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி அப்படியல்ல. திறந்த குப்பியை உரிய குளிர்நிலையில், முறைப்படி வைத்திருந்தால் நான்கு வாரங்கள் வரை பயன்படுத்தலாம் என்பது மத்திய அரசின் நெறிமுறை. இரண்டும் பிறந்த குழந்தைக்குப் போடப்படுபவை என்பதால், ஒன்றின் விதியை மற்றொன்றுக்கும் பொருத்திவிடும் பழக்கம் ஏற்பட்டிருக்கலாம். ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளில் நடக்கும் தமிழ்நாட்டில் 24 மணி நேரம் தவறுவதற்குத் தொலைவைக் காரணம் காட்ட முடியாது. உலக அளவிலோ, பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே உரிய நேரத்தில் இந்தத் தவணை கிடைக்கிறது.

தனியார் மருத்துவமனைகளும் விதிவிலக்கல்ல. என் பேத்தி ஒரு சனிக்கிழமை மாலை பிறந்தாள். தடுப்பூசி குறித்து விசாரித்தபோது, "குழந்தை மருத்துவர் திங்கள்கிழமை வருவார், அப்போது போட்டுக்கொள்ளலாம்" என்றார்கள். மருமகளுக்குக் கர்ப்ப காலத்தில் செய்த பரிசோதனையில் தொற்று இல்லை. பிறகு ஏன் இந்த அவசரம் என்று என் மகனே சலித்துக்கொண்டான். பரிசோதனை தவறலாம், முடிவுத் தாள்கள் மாறிப்போகலாம், அதனால்தான் எல்லாக் குழந்தைகளுக்கும் என்று விதி வைத்திருக்கிறார்கள் என்று நான் பிடிவாதமாக நின்றேன். தடுப்பூசி அதே தளத்தில் குளிர்பெட்டியில்தான் இருந்தது. ஐந்து நிமிடத்தில் போட்டு முடித்தார்கள். பேராசிரியர் என்றால் சற்றுத் தொந்தரவான மனிதர் என்று அந்த மருத்துவமனையில் நினைத்திருக்கக்கூடும்.

விதியை விடாப்பிடியாகக் கடைப்பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தைவான் சான்று. மக்களில் ஆறில் ஒருவருக்கு மேல் இந்தத் தொற்றுடன் வாழ்ந்த நாடு அது. 1984-இல் தொற்றுள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கி, இரண்டே ஆண்டுகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் விரிவுபடுத்தினார்கள். 6 முதல் 14 வயதுக் குழந்தைகளில் கல்லீரல் புற்றுநோய் 1981-86 காலகட்டத்தில் லட்சத்துக்கு 0.70 ஆக இருந்தது; 1990-94-இல் அது 0.36 ஆகக் குறைந்தது. தடுப்பூசி ஒன்று புற்றுநோயைத் தடுக்கும் என்பதை மக்கள் தொகை அளவில் முதன்முதலில் மெய்ப்பித்தது இதுதான்.

ஏற்கெனவே தொற்று உள்ள 3 கோடி பேரின் நிலை என்ன? தீநுண்மியை உடலிலிருந்து அறவே நீக்கும் மருந்து இன்னும் பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை. ஆனால், தினம் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை அதை அடக்கி வைக்கிறது. ஈரல் சுருக்கத்தையும் புற்றுநோயையும் வெகுவாகத் தடுக்கிறது. தொற்றுள்ள எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படுவதில்லை. தொடர் கண்காணிப்பு எல்லோருக்கும் தேவை. 2018 ஜூலை 28-இல் தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. என் மாணவரின் தங்கை எட்டு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மாத்திரையை உட்கொண்டு நலமாக இருக்கிறார்.

ஆனால், பரிசோதனைக்கு வர மக்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்பவர்களின் மருத்துவப் பரிசோதனையில் இந்தத் தொற்று தெரிந்தால் 'தகுதியற்றவர்' என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். எச்ஐவி தொற்றுள்ளவர்களை வேலையிலும் கல்வியிலும் பாகுபடுத்தக் கூடாது என்று 2017-இல் நாம் சட்டம் இயற்றினோம். ஹெபடைடிஸ்-பி உள்ளவர்களுக்கு அத்தகைய தனிச் சட்டம் இல்லை. சீனா 2010-இலேயே, பள்ளிச் சேர்க்கைக்கும் வேலைக்கும் இந்தப் பரிசோதனையைக் கோரக் கூடாது என்று தடை விதித்தது. பரிசோதனையால் வேலை போகும் என்றால், அறியாமையில் இருப்பதுதான் தனிமனிதருக்கு லாபம். அந்த அறியாமையின் விலையைச் சமூகம் செலுத்துகிறது. தனித் தட்டு வைத்த விடுதியின் துணைக் காப்பாளர் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது.

ஊசிப் பழக்கம் குறித்தும் ஒரு வார்த்தை. 2009-இல் குஜராத் மாநிலம் மொடாசா பகுதியில், பயன்படுத்திய ஊசிகளையே மீண்டும் பயன்படுத்தியதால் நூற்றுக்கணக்கானோருக்கு ஹெபடைடிஸ்-பி பரவியது, பலர் உயிரிழந்தனர். மாத்திரையில் தீரும் காய்ச்சலுக்கும் 'ஒரு ஊசி போடுங்கள், டாக்டர்' என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. கேட்டே ஆக வேண்டுமென்றால், உறையைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லிக் கேட்கலாம். முடிதிருத்தகத்தில் புது பிளேடு, பச்சை குத்தும் கடையில் புது ஊசி என்பவற்றுக்கும் இது பொருந்தும்.

சென்ற ஆண்டு நானும் பரிசோதனை செய்துகொண்டேன். அறுபது வயதைத் தாண்டும்வரை அந்த எண்ணமே எனக்கு எழவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்து ரத்த தான முகாம்களை நடத்தியவன் நான். ஒன்றில்கூட ரத்தம் கொடுத்ததில்லை, கொடுத்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். எனக்குத் தொற்றும் இல்லை, எதிர்ப்பாற்றலும் இல்லை என்று முடிவு வந்தது. வயது வந்தோருக்கான தடுப்பூசியை முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து என மூன்று தவணைகளாகப் போடுகிறார்கள். இரண்டு முடிந்துவிட்டன. மூன்றாவது வரும் மாதம்.